தலைகீழாகப் பிடித்த புத்தகம்

ஜூன் 2, ஞாயிறு

மருந்துக் கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஏதாவது ஒரு மாத்திரைக்கு விளம்பரம். இன்றைய பக்கத்துக்கு மலச்சிக்கல். அரை வருஷம் சும்மா கிடந்தது, இன்றிலிருந்து எழுதுவதென்று முடிவு. ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். ஒளித்து வைக்கத் தேவையில்லை. இந்த டைரியைப் பிரமு தொடமாட்டாள். மளிகைச் சீட்டுக்கு மேல் எதையும் வாசிக்கிற பழக்கம் என் மனைவிக்குக் கிடையாது.

இன்று குழுவில் படம் போடும் நாள். குழுவின் பெயர் ‘கையில் என்ன புத்தகம்?’ பாளையங்கோட்டையில் வாசிக்கிறவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். நடத்துகிறவர் தேவசகாயம் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது, அவர் இன்னும் பள்ளிக்கூடத்தை விடவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்குள் ஒவ்வொருவரும் தாம் வாசிக்கும் புத்தகத்தைத் திறந்து, எந்த வரியில் இருக்கிறோமோ அந்த வரியில் விரலை வைத்துப் படம் எடுத்துப் போட வேண்டும். வெறும் அட்டையைப் போட்டு ஏமாற்றுகிற ஆட்களுக்காக வைத்த விரல் அது. கூடவே ஒரு பத்தியை வாசித்துக் குரல்பதிவும் அனுப்ப வேண்டும். மூன்று ஞாயிறு தவறினால் நீக்கிவிடுவார். போன மாதம் ஒரு ஓய்வுபெற்ற வங்கி மேலாளரை நீக்கினார். அந்த மனிதர் இன்னும் வ.உ.சி. மைதானத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் நடக்கிறார்.

என்னை நீக்கினால் நான் என்ன ஆவேன் என்று தெரியவில்லை. மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். “ஈபி” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு நான் நுழைய மிச்சம் இருப்பது இந்தக் குழு ஒன்றுதான்.

இப்போது என் கையில் இருப்பது ‘வில்லங்கமில்லாத வீடு’. குழுவில் இருக்கும் உலகநாதன் எழுதிய நாவல். சார்பதிவாளராக இருந்தவர். புத்தகம் செங்கல் கனம். ஆனால் இந்தக் காலத்துப் பதிப்பகங்களை என்ன சொல்ல. எழுத்தெல்லாம் ஆடுகிறது. நடுவில் மை கொட்டிய மாதிரி கறுப்பு. காலை முழுக்க உட்கார்ந்து நாலு வரி தாண்ட முடியவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிப் படம் மட்டும் போட்டேன்.

ஹாலில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரும் மட்டமான அச்சு. போன்தான் பரவாயில்லை, எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

ஜூன் 4, செவ்வாய்

பிரமுவின் நச்சரிப்பு தாங்காமல் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். டாக்டர் சின்னப் பையன், மீசை இப்போதுதான் சம்மதித்திருக்கிறது. கண்ணில் சொட்டு விட்டு, விளக்கடித்து, என் தாடையை ஒரு கம்பியில் வைத்து நெடுநேரம் பார்த்தான்.

“சார், சுகர் கண்ணுக்குள்ள ரத்தக் குழாயைக் கசிய விட்ருக்கு. ரெண்டு கண்ணுலயும் ஊசி போடணும். ஒரு மாசத்துக்கு மேல தள்ளாதீங்க. அதுக்கப்புறம் போன பார்வை திரும்பி வராது.”

“ஊசி எங்க போடுவீங்க?”

“கண்ணுலதான் சார்.”

கை, தொடை, இடுப்பு என்று இத்தனை இடம் கடவுள் எதற்குப் படைத்தார் என்று தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வாசலில் ஒரு மருந்துக் கடையில் கண் சொட்டு மருந்து ஒன்று வாங்கிக்கொண்டேன்.

“டாக்டர் என்ன சொன்னாவ?” என்று பிரமு கேட்டாள்.

“வயசான கண்ணு. சொட்டு மருந்து போதும்னுட்டார்.”

“வேற ஒண்ணும் சொல்லலியா?”

“கண்ணு அழகா இருக்குன்னார்.”

அவள் உள்ளே போய்விட்டாள். சந்தையில் வாங்கி வந்த கத்திரிக்காயில் பாதிக்கு மேல் புழுவாம். மருந்தடிக்காத காய் என்று விளக்கினேன். எடுபடவில்லை.

ஜூன் 5, புதன்

காபியில் சீனி இல்லை. இதுவரை அரை ஸ்பூன் போட்டுக்கொண்டிருந்தவள். கேட்டால், “சீனி தீந்துட்டு” என்கிறாள். டப்பாவை ஆட்டிப் பார்த்தேன். நிறைய இருக்கிறது. என்ன கோபமோ.

ஜூன் 6, வியாழன்

பிரமு காலையில் கோயிலுக்குப் போனவள் மத்தியானம்தான் வந்தாள். கையில் திருநீறு கூட இல்லை. அப்படி என்ன வேண்டுதல் என்று கேட்டேன். “இருக்கு, அப்புறம் சொல்லுதேன்” என்றாள். சொல்லவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

இந்த வாரம் தொண்டையை இழுக்க முடியாது. போன வாரமே ஜெபமணி டீச்சர், “கஷாயம் வச்சுக் குடிங்க சார்” என்று போட்டிருந்தார். அவர் சாராள் தக்கர் கல்லூரிப் பக்கம் இருக்கிறார், முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவர். பொய்யை வாசனையிலேயே பிடிப்பார்.

புத்தகத்தைத் திறந்து, கொஞ்சம் நல்ல வெள்ளையாகத் தெரிந்த ஒரு இடத்தில் விரலை வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். பிறகு பதிவை அழுத்திவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இதுதான் நான் சொன்னது:

“அந்த வீட்டில் மீட்டர் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் இருந்தது. அவன் வரும்போதெல்லாம் அவள் அரிக்கேன் விளக்கோடு முன்னால் நடந்தாள். கரண்டு வந்த வீட்டில் எதற்கம்மா அரிக்கேன் என்று அவன் கேட்டான். வெளிச்சம் எனக்கில்லை, உங்களுக்கு, நான் கண்ணை மூடிக்கொண்டே இந்த வீட்டில் நடப்பேன் என்றாள்.”

நாலு வாக்கியம். குழு கிறுகிறுத்துப் போய்விட்டது. கைகூப்பும் பொம்மை, கண்ணீர் பொம்மை, நெருப்பு பொம்மை. தேவசகாயம் சார் அரைப்பக்கத்துக்கு எழுதினார். இதில் உச்சம், உலகநாதனே வந்து போட்டதுதான்: ‘நன்றி ஐயா. அந்தப் பத்தியை எழுதும்போது நான் அழுதுவிட்டேன்.’

எழுதினாராம். அழுதாராம். எனக்குக் காபி புரையேறியது, சீனி இல்லாத காபி.

ஜூன் 11, செவ்வாய்

ஹால் பல்பைக் கழற்றிவிட்டுப் பெரிய வாட்ஸ் போட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. பல்பிலும் கலப்படம். மின்வாரியத்தில் இருந்தவன் சொல்கிறேன்.

ஜூன் 12, புதன்

மாடிப்படியில் கடைசிப் படியைக் காணோம். காலை வைத்தால் காற்று. கைப்பிடியைப் பிடித்ததால் தப்பித்தேன். யாரும் பார்க்கவில்லை. இந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரை இன்று நினைத்துக்கொண்டேன், மரியாதையில்லாமல்.

ஜூன் 14, வெள்ளி

பிரமுவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. மாடிப்படி ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெள்ளைப் பெயிண்டைப் பட்டையாக அடித்து வைத்திருக்கிறாள். முழங்கை வரை பெயிண்ட். கேட்டால், “பழைய டப்பாவுல கொஞ்சம் மிச்சம் கெடந்துச்சு, வீணாப் போகுமேன்னு” என்கிறாள். வீடு ரயில்வே பிளாட்பாரம் மாதிரி இருக்கிறது. ஏறி இறங்க என்னவோ சௌகரியம்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

வரலாறு படைத்த நாள்.

வழக்கம்போலப் புத்தகம், விரல், படம். போட்டு ஒரு நிமிஷம் ஆகவில்லை, ஜெபமணி டீச்சர்: ‘கோமதிநாயகம் சார், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்களே?’

என்ன பதில் போடலாம் என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது தேவசகாயம் சார் புகுந்தார். சொத்து என்பதைப் பற்றிய நமது மொத்தப் பார்வையையும் இந்த நாவல் தலைகீழாக்குகிறதாம். அதை ஒரு சொல் இல்லாமல் ஒரே படத்தில் சொன்ன வாசகர் நம் குழுவுக்குக் கிடைத்திருக்கிறாராம். உலகநாதன் அதை ஆமோதித்தார். ஆமோதிக்கத்தானே செய்வார். மத்தியானத்துக்குள் மூன்று பேர் தங்கள் புத்தகங்களைத் தலைகீழாகப் பிடித்துப் படம் போட்டார்கள். அதில் ஒன்று சமையல் புத்தகம்.

இரண்டாவது பத்தியும் சொந்தச் சரக்குதான். தெரு முழுக்கக் கரண்டு போன சாயங்காலம், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வாசலுக்கு வந்து, வருஷக்கணக்கில் பேசாதவர்களோடு பேசத் தொடங்கியதைச் சொன்னேன். கரண்டு வந்ததும் எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்று முடித்தேன். நன்றாகத்தான் வந்தது.

டீச்சர் விடுவதாக இல்லை. ‘நானும் இதே புத்தகத்தை இரண்டாம் முறை வாசிக்கிறேன். இந்தப் பத்தி எந்தப் பக்கம் சார்?’

நான் பதில் போடவில்லை. உலகநாதன் போட்டார்: ‘அது முதல் பதிப்பில் மட்டும் இருந்தது டீச்சர்.’

அந்தப் புத்தகம் ஒரே ஒரு தடவைதான் அச்சானது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு பொய்க்காரன் இன்னொரு பொய்க்காரனுக்குக் கைகொடுத்தால் இவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

இந்தப் பேனா உதவாது. எழுதினதை எனக்கே வாசிக்க முடியவில்லை.

ஜூன் 19, புதன்

டைரி மேல் ஒரு தடித்த கறுப்பு மார்க்கர் இருந்தது. அட்டைப்பெட்டியில் விலாசம் எழுதுகிற ரகம். மருந்துக் கடைக்காரன் டைரியோடு சேர்த்துக் கொடுத்திருப்பான், நான்தான் கவனிக்கவில்லை போல. எழுத்து இப்போது ஜோராகத் தெரிகிறது. பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் பிடிக்கிறது. எவன் கேட்கப் போகிறான்.

ஜூன் 21, வெள்ளி

பாளை மார்க்கெட்டுக்குப் போக ஏறிய பஸ் சிமெண்ட் ஆலை ஊரான தாழையூத்துக்குப் போய்விட்டது. போர்டெல்லாம் இப்போது ஏதோ மினுக்கு விளக்கில் போடுகிறான்கள், எவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஏறினேன் என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டேன். தாழையூத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, ஊரைப் பார்த்த மாதிரியும் இருக்கட்டும் என்று கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பினேன். பார்க்க அங்கே சிமெண்டுத் தூசிதான் இருக்கிறது. அதுவும் சரியாகத் தெரியவில்லை.

ஜூன் 22, சனி

“இனிமே மார்க்கெட்டுக்கு நானும் வாரேன். எனக்கும் நடக்கணும்லா” என்கிறாள் பிரமு. திருமணமான நாளிலிருந்து நடக்கக் கூப்பிட்டால் முழங்கால் வலி என்றவள். கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், இந்த வயதில். எதிரே வந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

மூன்றாவது பத்தியும் போட்டாயிற்று. பாராட்டு மழை. புத்தகத்தை நேராகப் பிடித்தேனா என்று தெரியவில்லை. எப்படிப் பிடித்தாலும் அர்த்தம் கண்டுபிடிக்கத் தேவசகாயம் சார் இருக்கிறார்.

ஜூன் 25, செவ்வாய்

சாப்பிடும்போது ஒரு கொசு விடாமல் முகத்துக்கு முன்னால் ஆடியது. இரண்டு கையாலும் அடித்தேன். போகவில்லை. மறுபடி அடித்தேன். ரசம் கொட்டியது.

“எதை அடிக்கீய?” என்றாள் பிரமு.

“கொசு.”

அவள் ரசத்தைத் துடைத்தாள். கண்ணை மூடினாலும் கொசு அங்கேயேதான் ஆடுகிறது. இடது கண்ணிலும் வந்துவிட்டது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தால் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. கோபமா சிரிப்பா என்று குரலை வைத்துத்தான் பிடிக்கிறேன், அவளோ பேசவும் மாட்டேன் என்கிறாள். பயமாக இருக்கிறது. ஊசியை நினைத்தாலும் பயமாக இருக்கிறது, ஊசி போடாமல் இருப்பதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. மார்க்கரில் எழுதினால் பயம்கூடப் பெரிதாகத் தெரிகிறது.

ஜூன் 27, வியாழன்

உலகநாதன் வீட்டுக்கு வந்தார். வேட்டி சட்டையில் சாயங்காலமாக வந்து, பிரமு காபி வைக்க உள்ளே போகும்வரை வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

“ஏழாந்தேதி டீச்சர் வீட்டு கார் ஷெட்ல என் புஸ்தகத்துக்குக் கூட்டம் வச்சிருக்காங்க சார். நீங்கதான் வாசிக்கணும்னு தேவசகாயம் சார் சொல்றார்.”

“வாசிச்சிட்டாப் போச்சு.”

“அதில்ல சார்.” குரலை இன்னும் இறக்கினார். “அந்த மூணு பத்தியையும் எனக்கு எழுதித் தர முடியுமா? ரெண்டாம் பதிப்புல சேத்துக்கிடுவேன்.”

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவர் சிரிக்கவில்லை.

“பதினோரு வருஷம் எழுதுன புஸ்தகம் சார். அதுல ஆளுங்க பாராட்டுன இடம் மூணே மூணு. மூணும் நான் எழுதாதது.” நாற்காலியை இன்னும் ஒரு அங்குலம் முன்னால் நகர்த்தினார். “நீங்க என் புஸ்தகத்தை வாசிக்கவே இல்ல, என்ன? உள்ளதச் சொல்லுங்க. ஏன் வாசிக்க முடியல?”

இந்த இடத்தில் எனக்கு இரண்டு பதில் இருந்தது. கண் தெரியவில்லை என்பது ஒன்று. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அவள் காதில் விழுந்துவிடும். அதனால் இரண்டாவதைச் சொன்னேன்.

“முதல் பக்கத்துலயே தூங்கிட்டேன் சார்.”

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது. “அதுவும் சரிதான்” என்றார். காபியைக் குடிக்காமலே போய்விட்டார்.

பிரமு டம்ளரை எடுக்க வந்தவள், “என்ன, சட்டுனு போயிட்டாவ?” என்றாள். வேலை இருக்கிறதாம் என்றேன். அவள் அந்தக் காபியை என் முன்னால் வைத்தாள். அதில் சீனி இருந்தது. குடிக்க முடியவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

படம் போட்டேன். பத்தி போட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள். உலகநாதன் வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

மீட்டர் தவறாக எழுதிவிட்டால் அடுத்த ரீடிங்கில் சரிசெய்துகொள்ளலாம். மனிதர்கள் விஷயத்தில் அந்த வசதி இல்லை. நான் சொன்னது திமிர் பிடித்த பொய். வேறொருவன் இதைச் சொல்லியிருந்தால் ஓங்கி அறைந்திருப்பேன்.

ஜூலை 4, வியாழன்

ஒரு மாதம் முடிந்துவிட்டது. மருந்துக் கடைச் சொட்டும் முடிந்துவிட்டது.

ஜூலை 7, ஞாயிறு

கூட்டத்துக்குப் பிரமுவும் கிளம்பி நின்றாள். “டீச்சர் என்னையும் கூப்பிட்டாவ” என்றாள். அவள் இதுவரை எந்த இலக்கியக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. வந்தால் கேட்டுவிட்டுச் சிரிப்பாள் என்பதால் நானும் கூப்பிட்டதில்லை.

கார் ஷெட்டில் காரை வெளியே எடுத்துவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பெட்ரோல் வாசனையும் மெதுவடை வாசனையும். தேவசகாயம் சார் நீட்டி முழக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். டீச்சர் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அதைத் திறப்பதற்குள் உலகநாதன் எழுந்துவிட்டார்.

“நண்பர் வாசிக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடுறேன். அவர் இதுவரைக்கும் வாசிச்ச எந்தப் பத்தியும் என் புஸ்தகத்துல இல்ல. அதெல்லாம் அவரே சொன்னது. நான்தான் என்னுதுன்னு வாங்கிக்கிட்டேன். என் புஸ்தகம் அவருக்கு முதல் பக்கத்துலயே தூக்கம் வந்துட்டு. சொன்னார். மத்தவங்க சொல்லாம இருக்கீங்க, அவ்வளவுதான். மிச்சம் இருக்கிற பிரதியெல்லாம் நாளைக்குப் பழைய பேப்பர்காரருக்குப் போடறேன். இனிமே எழுதப் போறதில்ல.”

உட்கார்ந்துவிட்டார். யாரோ வடையை மென்றுகொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். என் கையில் அந்தச் செங்கல். எனக்கு அது நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்று தெரியாது. இப்படியே இன்னொரு பத்தி சொல்லி, கைதட்டு வாங்கிக்கொண்டு போய்விடலாம். நாக்கு நுனியில் ஒன்று தயாராக இருந்தது.

“உலகநாதன் சார், நான் தூங்கல” என்றேன். “எனக்குக் கண்ணு தெரியல. ரெண்டு கண்ணும். உங்க புஸ்தகம் நல்லா இருக்கா இல்லையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. முதல் நாலு வரி வாசிச்சேன், அதுல ஒரு கோளாறும் இல்ல. டாக்டர் கண்ணுல ஊசி போடணும்னார். பயந்துபோய் ஓடியாந்துட்டேன். பேப்பர்காரருக்குப் போடாதீங்க. என் பொண்டாட்டி பின்னால உக்காந்திருக்கா. அவளுக்கும் இப்பத்தான் சொல்லுதேன்.”

“இப்பத்தான்னு இல்ல” என்று பின்னாலிருந்து பிரமுவின் குரல் வந்தது. “எனக்குத் தெரியும். நாளைக்குக் காலைல ஊசி. டோக்கன் போட்டாச்சு. உக்காருங்க, விழுந்துறாதீய.”

குரலை வைத்துக் கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். இரண்டும் இல்லை. அழுதுகொண்டிருந்தாள்.

நான் உட்கார்ந்தேன். முதலில் சிரித்தது டீச்சர்தான். “அப்ப தலைகீழா வச்சது?” என்று ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் சிரித்தார். தேவசகாயம் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, படைப்பு என்பது ஆசிரியனின் நோக்கத்தைக் கடந்தது என்று ஏதோ சொன்னார். அவரை யாரும் கவனிக்கவில்லை. உலகநாதன் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “அப்ப புஸ்தகம் மோசம்னு இல்ல” என்றார். இவன் கண் போய்விட்டதே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுத்தாளர்கள் அப்படித்தான்.

ஆட்டோவில் வரும்போது பிரமுவிடம் கேட்டேன், எப்படித் தெரியும் என்று.

“அன்னைக்குக் கோயிலுக்குன்னு போனது ஆஸ்பத்திரிக்கு. டாக்டர்ட்ட கேட்டேன். ‘ஆகக்கூடினா அடுத்த மாசம் எட்டாந்தேதி, அதுக்கு மேல தாங்காதும்மா’ன்னாவ. அதுவரைக்கும் நீங்களாச் சொல்லுவீயான்னு பாத்தேன். சொல்லலன்னா நாளைக்குக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்.”

“ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு உனக்கு எப்படித் தோணிச்சு?”

“கேக்காதீய” என்றாள்.

ஜூலை 10, புதன்

நான் சொல்ல, பிரமு எழுதுகிறாள். முன்பக்கங்களைப் புரட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். (சரின்னு சொல்லிட்டேன். பிரமு.)

இடது கண்ணில் ஊசி போட்டாயிற்று. மரத்துப்போகச் சொட்டு விட்டுவிட்டுப் போடுகிறார்கள். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. நான் ஒரு சத்தமும் போடவில்லை. (ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டுச்சு. இன்னும் ஊசியே எடுக்கலன்னு நர்சு சொன்னாவ.) தேவையில்லாததை எழுதாதே என்றேன். (எழுதிட்டேன்.)

வலது கண்ணுக்கு அடுத்த வாரம். பார்வை எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார். இடது கண் தேறும், வலதுக்குக் கொஞ்சம் தாமதித்துவிட்டோம் என்கிறார். அவர் நல்ல டாக்டர். மீசையும் நன்றாகத்தான் இருக்கிறதாம், பிரமு சொன்னாள்.

ஜூலை 14, ஞாயிறு

(இதும் நான்தான் எழுதுதேன்.) தினமும் சாயங்காலம் உலகநாதன் வருகிறார். நான் அவர் நாவலை வாசிக்க முடியாமல் போனது அவருக்குப் பொறுக்கவில்லையாம். அவரே வாசித்துக் காட்டுகிறார், முதல் பக்கத்திலிருந்து. எனக்கு எழுந்து ஓடவும் கண் தெரியாது. கிணற்றுக்கும் கிழக்குச் சுவருக்கும் நடுவே உள்ள இடத்தின் நாலு எல்லையை மட்டும் ஒரு அத்தியாயம் சொல்கிறார். பிரமு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்கிறாள். (நேத்து நானும் தூங்கிட்டேன். இவ்வோ அன்னைக்குச் சொன்னது பொய்யுமில்ல.)

நடுவில் ஒரு பக்கம் வந்தது. அண்ணன் தம்பி இருவர் வீட்டைப் பாகம் பிரித்து எழுதிக்கொண்டபின், பதிவு அலுவலக வாசலிலிருந்து ஒரே சைக்கிளில் திரும்பிப் போகிறார்கள். வேறு சைக்கிள் இல்லை. மறுபடி வாசிக்கச் சொன்னேன். இரண்டு தடவை வாசித்தார். எந்த இடம் என்று டீச்சரிடமும் சொன்னேன். ‘அதற்காகத்தான் நான் இரண்டாம் முறை வாசித்தேன்’ என்று போட்டிருக்கிறாராம். உலகநாதனுக்கு இன்று தலைகால் புரியவில்லை. பேப்பர்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஜூலை 21, ஞாயிறு

(நான்தான்.) பிரமுவைக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். டீச்சரின் வேலை. எனக்கு மூன்று ஞாயிறு விலக்கு, மருத்துவ விடுப்பு என்று தேவசகாயம் சார் உத்தரவே போட்டிருக்கிறார். எனக்குப் பதில் இன்று பிரமு படம் போட்டாள். என்ன புத்தகம் என்று கேட்டேன். “உங்களுக்குப் பிடிச்ச எழுத்தாளர்தான்” என்றாள். எந்த வரியில் விரல் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். (சொல்லமாட்டேன். கண்ணு தெரிஞ்சதும் நீங்களே வாசிச்சுக்கிடுங்கன்னுட்டேன்.) குரல்பதிவும் போட வேண்டுமே, வாசி, நானும் கேட்கிறேன் என்றேன். பின்கட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். இன்று முழுக்கப் போன் சிரித்துக்கொண்டே இருந்தது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. உலகநாதன்கூட.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

என் கையெழுத்து, மார்க்கர்.

வலது கண் புகைமூட்டம்தான், அது இனி அப்படித்தான் இருக்கும்போல. இடது கண் தேறிவிட்டது. காலண்டரில் தேதி தெரிகிறது, அச்சு அப்படியொன்றும் மட்டமில்லை. காலையில் மேசைக்கு அந்தப் பக்கம் பிரமு சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முகம் தெரிந்தது. காதோரம் நரை கூடியிருக்கிறது. என்ன அப்படிப் பாக்கீய என்றாள். ஒன்றுமில்லை என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

பிறகு போனை எடுத்து, ஜூலை மாதத்துக்குப் போய், அவள் போட்ட படத்தைத் தேடினேன். விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, எழுத்து எழுத்தாக வாசித்தேன். அவள் விரல், நகத்தில் இன்னும் வெள்ளைப் பெயிண்ட். கீழே மலச்சிக்கல் மாத்திரை விளம்பரம். விரல் இருந்த வரி இது: ‘இந்த டைரியைப் பிரமு தொடமாட்டாள்.’

டைரியை எடுத்து முதலிலிருந்து புரட்டினேன். ஊசி என்று எழுதினேன், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். படியைக் காணோம் என்று எழுதினேன், படிக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறாள். பேனா உதவாது என்று எழுதினேன், மார்க்கர் வந்திருக்கிறது. தாழையூத்து என்று எழுதினேன், மறுநாள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். பயமாக இருக்கிறது என்று எழுதியதையும் அன்றே வாசித்திருப்பாள். குழுவில் எத்தனையோ பேர் எத்தனையோ புத்தகம் வாசிக்கிறார்கள். என்னை இப்படி வரி விடாமல் வாசித்த ஆள் வேறு யாருமில்லை.

பிரமு, இதையும் வாசிப்பாய் என்று தெரியும். நன்றி என்று உன் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வராது, அதனால் இங்கே எழுதுகிறேன். நன்றி. நாளையிலிருந்து காபியில் அரை ஸ்பூன் சீனி போடு.

(போடமாட்டேன்.)